தாஹாவின் டிக்கியில் சக்கரபாணியின் டோலக்

கச்சேரிக்குப் போகிற கிட்டார்க்காரன் தன் காரின் டிக்கியில் என்ன வைத்திருப்பான்? இன்னொரு கிட்டார் வைத்திருப்பான். வசதியில்லாவிட்டால் ஒரு செட் கம்பியாவது வைத்திருப்பான். கோட்டக்குப்பம் தாஹா பாயின் டிக்கியைத் திறந்தால் ஒரு டோலக் இருக்கும். பச்சைத் துணிப் பைக்குள், ஜிப் போட்டு, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் கைக்குழந்தையைக் கிடத்தின மாதிரி கிடக்கும். சரி, தாஹா பாய்க்கு டோலக் வாசிக்க வருமா என்றால், சுத்தமாக வராது. அவர் வாசிக்கிற குழுவில் டோலக் வாசிக்க ஆள் உண்டா என்றால், அதுவும் கிடையாது. ரிதம் பேட் வந்த பிறகு டோலக்கை யார் தேடுகிறார்கள்? ஆனாலும் கச்சேரி என்று கிளம்பினால் அந்தப் பைதான் முதலில் வண்டி ஏறும். கிட்டார் அதற்கப்புறம்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்று ஆரம்பிப்பான் ராஜ்கமல். முப்பது வயசுக்காரன், கீபோர்டு வாசிப்பவன், தாஹா இப்போது வாசிக்கிற குழுவை நடத்துபவன். அவனிடம் எல்லாமே இரட்டை. கீபோர்டு ரெண்டு, பாடகருக்கு மைக் ரெண்டு, ஒயர் வகையறா ஒரு மூட்டை. "கச்சேரிக்காரனுக்கு ஸ்பேர் வேணும்ணே, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கிட்டார் வாசிக்கிறவரு ஸ்பேருக்கு டோலக்க தூக்கிட்டு வர்றது எந்த ஊரு நியாயம்? உங்க கிட்டாருக்கு ஸ்பேர் எங்க?"

"இருக்குது."

"எங்க இருக்குது?"

"மரக்காணத்துல."

"அண்ணே, கச்சேரி காலாப்பட்டுல நடக்குது!"

தாஹா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சுருதி சேர்க்க ஆரம்பித்துவிடுவார். ராஜ்கமல் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? அது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்த காலத்துச் சட்டம்.

அந்தக் காலத்தில் குழுவுக்குப் பெயர் கிழக்குக் கரை இன்னிசைக் குழு. பெயர்தான் பெரிசு. நிரந்தரமாக இருந்தது மூன்றே பேர். கிட்டாருக்குத் தாஹா. டோலக்குக்கு மரக்காணம் சக்கரபாணி, உப்பளத்துக்காரர். பாட்டுக்கு மலர்கொடி. மற்றவர்கள் எல்லாம் தோது பார்த்து வந்து போகிறவர்கள். பெருமுக்கல் ஊரிலிருந்து இரும்பை ஊர் வரைக்கும் கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்க்கிற பாட்டு, எதையும் விடவில்லை. பகலெல்லாம் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, கை வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருவார் சக்கரபாணி. அந்தக் கை இருக்கிறதே, அது கை இல்லை, பலகை. உப்பளத்தில் பாத்திக்குள் இறங்குகிற நாயை விரட்ட அவர் இரண்டு தட்டுத் தட்டினால் அடுத்த உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒருமுறை இரும்பைக் கோயில் கச்சேரிக்குப் போகையில் தாஹாவின் வாடகை வேன் வழியிலேயே படுத்துவிட்டது. அதற்குள் அவருடைய கிட்டாரும் இருந்தது, அவசரத்துக்கு என்று வாங்கிய இன்னொரு கிட்டாரும் இருந்தது. ரெண்டும் சேர்ந்து ரோட்டோரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருக்க, மேடையில் சக்கரபாணி ஒற்றை ஆளாக டோலக்கை வைத்துக்கொண்டு மலர்கொடியைப் பாடவைத்துச் சமாளித்தார். திரும்பி வரும்போது டீக்கடையில் நின்று அவர்தான் சொன்னார்.

"டேய் தாஹா, ரெண்டும் ஒரே வண்டியில வந்தா அதுக்குப் பேரு ஸ்பேரா? ரெண்டும் ஒண்ணாத்தான சாவும்? இனிமே உன் ஸ்பேரு என் வண்டியில. என் ஸ்பேரு உன் வண்டியில. உன் வூட்லயே எனுது இருக்கட்டும், என் வூட்ல உனுது இருக்கட்டும். எவன் வண்டி நின்னாலும் கச்சேரி நிக்காது."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். தாஹாவின் இரண்டாவது கிட்டார் மரக்காணத்துக்குக் குடிபோனது. சக்கரபாணியின் இரண்டாவது டோலக் கோட்டக்குப்பம் வந்தது. சக்கரபாணி கிட்டார்ப் பெட்டிக்குள் ஒரு துணியில் பச்சரிசி முடிந்து போட்டு வைப்பார். உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடும், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. வேடிக்கை என்னவென்றால் அவருக்குக் கிட்டாரில் ஒரு கம்பிக்குப் பெயர் தெரியாது. இருந்தாலும் துடைத்துத் துடைத்து வைப்பார்.

அது ஒரு காலம். பைக் பெட்ரோல் டேங்கில் தாளம் போட்டுக்கொண்டே ஈசிஆர் ரோட்டில் போவதும், யார் வீட்டுப் பெருநாள் பிரியாணி, யார் வீட்டுப் பொங்கல் என்று தெரியாமல் சாப்பிடுவதும், நினைத்தால் தாஹாவுக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். நிறைந்த கையோடு பெருமுக்கல்லும் நினைவுக்கு வந்துவிடும். அதுதான் சனியன்.

பெருமுக்கல் சக்கரபாணிக்கு மாமியார் ஊர். அவர் மனைவி அருக்காணி பிறந்து வளர்ந்த ஊர். திருவிழாக் கச்சேரிக்கு முதல் வரிசையில் மாமனார், மச்சினர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்திருந்தது. சக்கரபாணி அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார். நாலாவது பாட்டில் டோலக்கின் தோல் 'பட்'டென்று கிழிந்தது. அவர் பதறவே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் தாஹா பக்கம் நீட்டினார். ஸ்பேரைக் கொடு என்று அர்த்தம்.

கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தாஹா தன் ஃபேன்ஸி ஸ்டோருக்கு வாங்கிய வளையல் பெட்டிகளை டிக்கியில் அடைத்துக்கொண்டு வந்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது ஸ்பேர் தேவைப்பட்டதா, இன்றைக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று டோலக்கை வீட்டிலேயே விட்டுவிட்டார். செய்தது தப்பு. தப்பை மறைக்க மைக்கைப் பிடித்தாரே, அதுதான் பெரிய தப்பு.

"உங்க ஊரு மாப்ளைக்கு டோலக்கு கிழிஞ்சிடுச்சு, பாத்துக்குங்க! இனிமே கையத் தட்டித்தான் பொழைக்கணும். எங்க, தட்டு மாப்ள, கையத் தட்டு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமனாரும் சிரித்துவிட்டார். நீட்டின கையை சக்கரபாணி மெதுவாக மடக்கிக்கொண்டார். கிழிந்த டோலக்கை அங்கேயே விட்டுவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போனவர் போனவர்தான்.

குழு அன்றோடு முடிந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது. மலர்கொடி வேறு குழுவில் கொஞ்ச நாள் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டாள். சக்கரபாணி எந்த மேடையிலும் ஏறவில்லை. தாஹா மட்டும் அங்கே இங்கே என்று ஒட்டிக்கொண்டு கடைசியில் ராஜ்கமலிடம் வந்து சேர்ந்தார்.

போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் சொல்லிவிடுவீர்கள். தாஹாவின் மனைவி ஜுவைரியா சொல்லாத நாளா? வாரத்துக்கு ஒருமுறை சொல்வாள். "மவுத்தாப் போறதுக்குள்ள ஒரு தடவ அவர் வூட்டுக்குப் போயிட்டு வாங்களேன்." தாஹாவுக்கு ஆசைதான். ஆனால் போனால் சக்கரபாணி பேசாமல் உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டால்? 'இந்தா உன் பொருள், எங்கே என் பொருள்' என்று கேட்டுவிட்டால்? அத்தோடு எல்லாம் தீர்ந்தது. தன் கிட்டார் அவன் வீட்டிலும் அவன் டோலக் தன் வீட்டிலும் இருக்கிற வரைக்கும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்று தாஹா நினைத்தார். அதனால் கிட்டாரைக் கேட்கவும் இல்லை, இன்னொன்று வாங்கவும் இல்லை. டோலக்கை மட்டும் ஒரு கச்சேரி விடாமல் தூக்கிக்கொண்டு போனார்.

"சும்மா தூக்கிட்டுத் திரியிறீங்களே, ஒரு நாளாச்சும் பையத் திறந்து பாத்தீங்களா?" என்பாள் ஜுவைரியா.

"அது அவன் சாமான். அவன்தான் திறக்கணும்."

"ஆமா, ரொம்ப ஒழுங்கு," என்று அவள் உள்ளே போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் வைகாசியில் மலர்கொடி தாம்பூலத் தட்டோடு கோட்டக்குப்பம் வந்தாள். மகளுக்குக் கல்யாணம். மரக்காணத்தில் மண்டபம். மாலை வரவேற்புக்கு ராஜ்கமல் குழு.

"தாஹாண்ணா, நம்ம ஆரம்பப் பாட்ட நான் மேடையேறிப் பாடப் போறேன். பொண்ணோட அம்மா பாடலாமான்னு எவனாச்சும் கேட்டா நான் பாத்துக்கறேன். அந்த ஒரு பாட்டு மட்டும் நாம மூணு பேரும் பண்ணணும்."

"மூணு பேரா?"

"சக்கரபாணி அண்ணனுக்கும் பத்திரிகை வச்சிட்டுத்தான் வர்றேன்."

"என்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. மோர் குடுத்தாரு. குடிச்சிட்டு வந்தேன்."

ஆரம்பப் பாட்டு என்பது அவர்களே கட்டிய மெட்டு. ஒவ்வொரு கச்சேரியையும் அதில்தான் தொடங்குவார்கள். கிட்டார் தனியாக இரண்டு சுற்று வரும். பிறகு டோலக்கில் இரண்டு தட்டு விழும். அந்த இரண்டு தட்டைக் கேட்டுத்தான் மலர்கொடி வாயைத் திறப்பாள். அது விழாமல் அவளுக்குப் பாட்டு எழும்பாது. அன்று ராத்திரி தாஹா சாப்பிடும்போது ஜுவைரியாவிடம், "அவன் வரமாட்டான்," என்றார். சொல்லிவிட்டு, "இன்ஷா அல்லாஹ், வந்தாலும் வருவான்," என்றார்.

வரவேற்பன்று வெயில் தாழ்வதற்குள் மண்டபத்துக்கு வந்துவிட்டார். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிக்கியைத் திறந்து கிட்டாரை வெளியே எடுத்தார். டோலக் பை பிரேக் போட்டதில் புரண்டு ஸ்டெப்னிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. கிட்டாரைக் காருக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, குனிந்து அந்தப் பையை நிமிர்த்தி வைக்கப் போனார். அந்த நேரம் பார்த்து சீரியல் லைட் ஏற்றி வந்த வேன் பின்னால் வந்தது. கிட்டார் சரிந்தது. சக்கரம் ஏறின சத்தம் கேட்டுத்தான் தாஹா தலையைத் தூக்கினார்.

கழுத்து இரண்டாகிவிட்டது. கம்பிகள் மட்டும் தலையையும் உடலையும் பிடித்துக்கொண்டு தொங்கின.

"யா அல்லாஹ்!"

ராஜ்கமல் ஓடிவந்தான். பார்த்தான். அவனுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "அந்த டோலக்குக்கு இடம் பண்ணப் போயி இதக் கீழ வச்சீங்களா? நான் எத்தினி வாட்டி சொன்னேன்! சரி வுடுங்க. கீபோர்டுல கிட்டார் டோன் இருக்குது, ஒப்பேத்திடலாம்."

"மத்த பாட்டுக்கு ஒப்பேத்து. அந்த ஒரு பாட்டுக்கு ஆவாது."

"பாண்டி போயி யார்கிட்டயாச்சும் வாங்கிட்டு வர்றதுக்குள்ள ஃபங்ஷனே முடிஞ்சிடும்ணே."

தாஹா உடைந்த கிட்டாரை அவன் கையில் கொடுத்தார். மரக்காணத்தில் அவருக்கு ஒரு கிட்டார் இருக்கிறது. சக்கரபாணியின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லை, ஆனால் தூரமும் இல்லை. சட்டப்படி அந்தக் கிட்டார் இந்த மாதிரி நாளுக்குத்தான் அங்கே இருக்கிறது. ஒன்பது வருஷமாகப் போகாத வாசலுக்கு இப்படி ஒரு பிச்சைக்காரனாகவா போய் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே காரைத் திருப்பினார்.

ரோட்டின் இரண்டு பக்கமும் பாத்திகள் வெயிலைத் திருப்பி அடித்தன. உப்புக் குவியல்கள் மேல் பனை ஓலை வேய்ந்திருந்தார்கள். அந்தக் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் ஆரம்பப் பாட்டைக் கட்டினார்கள். சக்கரபாணி டோலக் எடுத்துவர மறந்துபோய், காலி மண்ணெண்ணெய் டின்னில் தட்டிக்கொண்டே இருந்தார். மலர்கொடி சிரித்துச் சிரித்து அடியெடுக்கவே முடியாமல் போனது. தாஹாவுக்குக் கண் கரித்தது. உப்புக் காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டு வாசலில் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பூட்டும் சாவியுமாக நின்றுகொண்டிருந்தாள் அருக்காணி. கார் நின்றதைப் பார்த்தாள். இறங்கினவரைப் பார்த்தாள். முகம் எப்படியெல்லாமோ மாறியது.

"வாங்க பாய். இப்பத்தான் எங்க வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"நல்லா இருக்கியாம்மா? அவன் இருக்கானா?"

"இல்ல."

"கிட்டார் ஒடஞ்சிடுச்சும்மா. அந்த இன்னொண்ணு வேணும். அதான் வந்தேன்."

"ஓ, கிட்டாருக்குத்தான் வந்தீங்களா? நான்கூட எங்களப் பாக்கத்தான் வந்தீங்களோன்னு நெனச்சேன்." சொன்னதும் அவளுக்கே மனசு கேட்கவில்லை போல. குரல் இறங்கியது. "அதுவும் இங்க இல்ல பாய். காலையில சவரம் பண்ணாரு. இஸ்திரி போட்ட சட்டைய மாட்டினாரு. பெட்டிய முதுகுல மாட்டிக்கிட்டு பைக்க எடுத்தாரு. எங்க போறீங்கன்னு கேட்டேன். குடுக்க வேண்டியத குடுத்துட்டு வர்றேன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

தாஹா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வருகிறானாம். அப்படியானால் முடித்துக்கொள்ளத்தான் போயிருக்கிறான்.

"நானும் மண்டபத்துக்குத்தான் பஸ்ஸுக்கு நிக்கிறேன். ஏறிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின் சீட்டில் ஏறினாள் அருக்காணி.  கார் கிளம்பியதும் பேச ஆரம்பித்தாள்.

"வருஷா வருஷம் உப்பு சீசன் தொடங்கறப்ப பாண்டிக்குப் போயி கம்பி வாங்கிட்டு வருவாரு பாய். கடைக்காரன்கிட்டயே மாட்டிக் குடுக்கச் சொல்லி எடுத்துட்டு வருவாரு. அரிசி முடிச்ச மாத்துவாரு. எதுக்குய்யா இதெல்லாம், அந்த மனுசன் உன்ன ஊரு முன்னாடி அப்படிப் பேசிட்டான்னு கேட்டா, 'அது வேற, இது வேற'ன்னுவாரு. எங்க ஊர்ல இன்னைக்கும் அவருக்குப் பேரு 'கைதட்டு மாப்ள' தான். திருவிழாவுக்குக் கூப்பிட்டா வரமாட்டேன்னுடுவாரு. நான் மட்டும் போயிட்டு வருவேன்."

தாஹா ரோட்டையே பார்த்து ஓட்டினார்.  ஒரு நிமிஷத்துச் சிரிப்புக்காகச் சொன்ன வார்த்தை இன்னொருத்தனுக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது, தனக்கு இது தெரியவே இல்லை.

"எங்க வூட்டு டோலக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டாள் அருக்காணி.

"டிக்கியில இருக்குதும்மா."

"இந்த வண்டியிலயா? இப்பவா?"

"எப்பவுமே இருக்குது."

அருக்காணி திரும்பிப் பின் கண்ணாடி வழியாக டிக்கியைப் பார்த்தாள்.

மேடையில் விளக்கு போட்டிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் வரவில்லை. தாஹாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், உடைந்த கிட்டார் நிற்க வேண்டிய ஸ்டாண்டில், அந்தக் கிட்டார் நின்றது. தேன் நிற உடம்பு, ஓரத்தில் ஒரு கீறல். கீறல் விழுந்தது மாசிமகக் கூட்டத்தில். தாஹா மறப்பாரா?

"யாரோ ஒரு பெரியவர் வந்தாருண்ணே," என்றான் ராஜ்கமல். "நீங்க எங்கன்னு கேட்டாரு. கிட்டார் ஒடஞ்சிடுச்சு, வெளிய போயிருக்காருன்னேன். பெட்டியத் திறந்து இத இங்க நிக்க வச்சாரு. 'இது தாஹாவோடது, வந்தா சொல்லிடு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"போயிட்டானா? எங்க போனான்?"

"தெரியலண்ணே. வெளிய போனாரு."

தாஹா கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். விரல் பட்டதும் சுருதி சரியாகவே இருந்தது. புதுக் கம்பி, காலையிலேயே பாண்டிக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு பொட்டுத் துரு இல்லை. இவ்வளவு பத்திரமாக வைத்திருந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், ஒரு வார்த்தை பேசாமல். எந்த நாளுக்குப் பயந்து அந்த வாசலை மிதிக்காமல் இருந்தாரோ அந்த நாள் தானாக நடந்து வந்துவிட்டது. கிட்டார் கைக்கு வந்ததில் சந்தோஷப்பட வேண்டிய மனுஷர், அதைக் கட்டிக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் சேர்ந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறினார்கள். மலர்கொடி பட்டுப்புடவையில் மைக் முன்னால் வந்து நின்று தாஹாவைப் பார்த்தாள். அவள் கண் அவருக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்துக்கும் போனது. "பேடுல அந்த ரெண்டு தட்ட போட்டுக்கலாம்ணா," என்றாள் சின்னக் குரலில்.

தாஹா என்ன நினைத்தாரோ, கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி விடுவிடுவென்று வெளியே போனார். டிக்கியைத் திறந்தார். பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க நடுவழியாக நடந்து வந்து, காலி இடத்தில் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தார். மைக்கைக் கையில் எடுத்தார்.

"சக்கரபாணி, நீ இங்கதான் எங்கயோ இருக்கிற. உன் டோலக்கு இங்க இருக்குது. பெருமுக்கல்ல இத நான் கொண்டாரல. கொண்டாராத தப்ப மறைக்க மைக்குல ஒண்ணு சொன்னேன். அத சொல்லியிருக்கக் கூடாது. அன்னையிலேர்ந்து ஒரு கச்சேரிக்குக்கூட இத வுட்டுட்டுப் போனதில்ல. வந்து எடுத்துக்கடா."

மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள். பந்தி நடக்கிற பக்கத்திலிருந்து இலை எடுக்கிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

தலை நரைத்துவிட்டது. நடையில் அவசரம் இல்லை. சக்கரபாணி மேடை ஏறி வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். தாஹாவைப் பார்க்கவே இல்லை. பையைத் தன் பக்கம் இழுத்து ஜிப்பைத் திறக்கப் பார்த்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது. வலித்து இழுத்தார்.

டோலக் வெளியே வந்தது. ஒரு பக்கத் தோல் காய்ந்து சுருங்கி, குறுக்கே நீளமாகப் பிளந்திருந்தது. இன்னொரு பக்கம் பூசணம் பூத்துத் தொளதொளவென்று கிடந்தது. வெயிலில் வெந்து, உப்புக் காற்றில் ஊறி, டிக்கிக்குள்ளேயே அது எப்போதோ செத்துப் போயிருந்தது. சக்கரபாணி பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஒரு வாட்டிகூட திறந்து பாக்கலியா?"

தாஹாவின் முகத்தில் ஈயாடவில்லை. "உன் சாமான்டா. நீதான் திறக்கணும்னு..."

"கிழிஞ்ச டோலக்கையா ஊரு ஊரா சுமந்துக்கிட்டுத் திரிஞ்ச?"

"ஆமாடா."

சக்கரபாணி டோலக்கை ஓரமாகத் தள்ளி வைத்தார். முதல் வரிசையில் அருக்காணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலர்கொடி மைக் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பேடில் கையை வைக்கப் போன பையனை ராஜ்கமல் தடுத்து நிறுத்தினான்.

"ஆரம்பி," என்றார் சக்கரபாணி.

"எப்பிட்றா? இது..."

"ஆரம்பின்றேன்ல."

தாஹா கிட்டாரை எடுத்தார்.  முதல் சுற்றில் ஒரு இடத்தில் தடுக்கினார், யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது சுற்று சுத்தமாக வந்தது. சுற்று முடிகிற இடத்தில் சக்கரபாணி பக்கத்தில் இருந்த மைக்கைத் தன் முகத்துப் பக்கம் திருப்பினார். இரண்டு கையையும் தூக்கினார்.

கையோடு கை தட்டினார். இரண்டே தட்டு.

மண்டபமே நிமிர்ந்தது. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். மலர்கொடி பாடினாள். இத்தனை வருஷம் பாடாத குரலா அது? கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் ஏறவேண்டிய இடத்தில் ஏறியது. சக்கரபாணி விடாமல் தட்டினார். உள்ளங்கையை ஒட்டி ஒரு சத்தம், விரல் மட்டும் பட்டு ஒரு சத்தம், தொடையில் ஒன்று, மறுபடி உள்ளங்கையில் ஒன்று. டோலக்கில் எதெல்லாம் வருமோ அதெல்லாம் அந்த உப்புக் கையில் வந்தது. இரண்டாவது சரணத்தில் முன்வரிசையில் ஒரு பிள்ளை சேர்ந்து தட்டியது. அப்புறம் அதன் அம்மா. பாட்டு முடிகையில் மண்டபம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தது. தாஹாவுக்குக் கண்ணில் தண்ணீர் இறங்கி மூக்குநுனிக்கு வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, வாசித்துக்கொண்டே இருந்தார்.

பாட்டு முடிந்ததும் சக்கரபாணி எழுந்தார். மலர்கொடியின் மகள் அவர் காலில் விழுந்தாள். எல்லாரும் ஏதேதோ பேசினார்கள். அவர் மிச்சப் பாட்டுகளுக்குக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். கச்சேரி முடிந்து, தாஹா கிட்டாரைத் துடைத்து நிமிர்ந்தபோது, அவர் காலிப் பெட்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கொண்டா."

"என்னாத்த?"

"கிட்டார."

தாஹாவுக்குப் புரியவில்லை. கொடுத்தார். சக்கரபாணி அதைப் பெட்டிக்குள் படுக்கவைத்தார். அரிசி முடிச்சைக் கழுத்துக்கு அடியில் சரியாகத் தள்ளி வைத்தார். பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டார். கிழிந்த டோலக்கைப் பைக்குள் போட்டு தாஹாவின் கையில் திணித்தார்.

"இதுக்குத் தோல் மாத்து. மாத்திட்டு பையத் திறந்து வச்சு காத்தாட வுடு. வெயில்ல டிக்கியில போட்டு வேக வைக்காத. புரியுதா?"

"புரியுது. ஆனா டேய், எனக்கு ஒடஞ்சிடுச்சுடா. நாளைக்கு இரும்பையில கச்சேரி. கையில வேற கிட்டாரே இல்ல. அத குடுத்துட்டுப் போ."

சக்கரபாணி படி இறங்கிக்கொண்டிருந்தவர் நின்றார். திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக தாஹாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சட்டம் மறந்துபோச்சா? உன் ஸ்பேரு என் வண்டியிலதான் வரும். எத்தினி மணிக்குக் கச்சேரி, அத சொல்லு."